போடாங்க

அண்ணாச்சிக்குக் கோபியா? அப்ப நல்லதாப் போச்சு. ஈரோட்டுல ஏறினதுல இருந்து இந்தப் பக்கத்து ஆள் யாராவது பக்கத்துல வந்து உக்காரமாட்டாங்களான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரே ஒரு சந்தேகம். உங்க ஊர்ப் பக்கம் ஒரு பொண்ணு ஒரு பையனுக்குப் போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க, அப்பா உங்களைப் பார்க்கோணுங்கறாங்க"ன்னு சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்?

சிரிக்காதீங்க. எங்க ஊர்ல சொல்லியிருந்தா எனக்கே அர்த்தம் தெரியும். எனக்கு வள்ளியூர். எங்க பக்கம் ஒருத்தங்க நம்மளை வாங்கன்னு கூப்பிட்டா அதுல ஒரு காரணம் இருக்கும். ஒண்ணு வயசு, இல்லைன்னா வேண்டாத ஆளு. உங்க பக்கம் அப்படி இல்லையே. பெத்த பிள்ளையைப் பாத்து "சாப்பிடுங்க கண்ணு"ங்கிறீங்க. மகுடேஸ்வரி தெருநாயைப் பாத்து "அக்கட்டால போங்க"ன்னு சொன்னதை நான் என் கண்ணால பார்த்திருக்கேன். நாயும் மரியாதையா எந்திரிச்சுப் போச்சு. இப்ப நாய்க்குச் சொன்ன 'ங்க'வும் எனக்குச் சொன்ன 'ங்க'வும் ஒண்ணா, வேற வேறயா? கவுந்தப்பாடி வர்றதுக்குள்ள எனக்கு இது தெரிஞ்சாகணும். நால்ரோட்டுல வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க.

மகுடேஸ்வரி யாரா? அதைச் சொல்லாமலே ஆரம்பிச்சுட்டேனா? முழுசாச் சொன்னாத்தான் நீங்க தீர்ப்புச் சொல்ல முடியும். கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கிடுங்க, என் குரல் சின்னது. அந்தக் குரலை வச்சுத்தான் பொழைக்கிறேன், ஆனாலும் சின்னது.

சென்னையில சாலிகிராமத்துல டப்பிங் வேலை எனக்கு. வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ்ல குரல் கொடுக்கிறது. நீங்க என் குரலைக் கண்டிப்பாக் கேட்டிருப்பீங்க. ராக்கெட் ஆடும்போது "கேப்டன், இடது பக்க எஞ்சின் போச்சு"ன்னு ஒருத்தன் சொல்வான் பாருங்க, அது நான்தான். அடுத்த காட்சியில செத்துருவான். செத்தவன் பக்கத்துல குனிஞ்சு "உயிர் இல்லை"ன்னு சொல்ற டாக்டரும் நான்தான். இப்படியே போய்க்கிட்டிருந்தப்பதான் இந்தப் படம் வந்தது.

ஐரிஸ் டேவன்னு அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகை. அவங்க வாழ்க்கையைப் படமா எடுத்திருக்காங்க. பாவம் அண்ணாச்சி அந்தப் பொண்ணு. பால்பல் விழறதுக்கு முன்னாடியே நடிக்கக் கொண்டாந்து விட்டுட்டாங்க. தூங்குறதுக்கு ஒரு மாத்திரை, முழிக்கிறதுக்கு ஒரு மாத்திரை. சிரிக்கிறதுக்கு மாத்திரை கிடையாது, அதை அம்மாக்காரி கிள்ளியே வரவச்சிருவா. பெரிய மனுஷியானதும் ஊர்ல இருக்கிறவன் எல்லாம் அவங்க படத்தைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டுத் திரியுறான், அவங்களுக்கு வீட்டுல பேச ஒரு ஆள் இல்லை. கட்டில்ல படுத்தாத் தூக்கம் வராது. ஓடுற காரோட பின்சீட்டுலதான் வரும். அதனால ஷூட்டிங் போற வழியை டிரைவர் வேணும்னே சுத்தி விடுவார். அந்த டிரைவர் ஒருத்தன்தான் படத்துல நல்லவன்.

அவங்களோட ரெண்டாவது புருஷன் பேர் வாரன். அந்த வாரனுக்கு நான் குரல். முதல் முறையா, படம் முடியுற வரைக்கும் சாகாத ஒரு ஆள். சொன்னா நம்பமாட்டீங்க, அன்னைக்கு அம்மாவுக்குப் போன் போட்டு, "எம்மா, எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு, ஹாலிவுட்ல"ன்னேன். அம்மா போனை வச்சிட்டு மாமாவைக் கூப்பிட்டு, பிள்ளை கையை விட்டுப் போச்சுன்னு அழுதிருக்கு.

ஐரிஸ் டேவனுக்குக் குரல் கொடுத்தவங்கதான் மகுடேஸ்வரி. உங்க கவுந்தப்பாடிக்காரங்க. ரேடியோவுல விவசாயச் செய்தி வாசிச்சுக்கிட்டு இருந்தவங்க. டப்பிங் டைரக்டர் தனகோபால் சார் எங்கயோ கார்ல போகும்போது அந்தக் குரலைக் கேட்டு, மஞ்சள் விலையை இவ்வளவு சோகமா யார் சொல்றதுன்னு விசாரிச்சுக் கூட்டிட்டு வந்துட்டார்.

என்ன குரல் அண்ணாச்சி அது. படத்துல ஒரு இடம். ஐரிஸ் ஒரு ஹோட்டல் ரூம்ல தனியா இருக்காங்க. கீழ வரவேற்புல இருக்கிறவனுக்குப் போன் போட்டு மணி என்னன்னு கேக்குறாங்க. அவன் சொல்றான். வச்சிடுறாங்க. மறுபடியும் எடுத்து மணி என்னன்னு கேக்குறாங்க. மணிக்காக இல்லை, ஒரு மனுஷக் குரல் வேணும், அதுக்காக. மகுடேஸ்வரி அதை "மணி என்னங்க?"ன்னாங்க பாருங்க. அந்த 'ங்க'வைக் கேட்டதும் சவுண்ட் இன்ஜினியர் பெலிக்ஸ் எந்திரிச்சு, ஏசி தண்ணி சொட்டுதான்னு பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். ஏசியெல்லாம் சொட்டலை. அந்த வரவேற்பு ஆளுக்கும் நான்தான் குரல். அதாவது பாருங்க, பேசாத புருஷனும் நானே, மணி சொல்ற ஆளும் நானே. எனக்கு மணி சொல்றதுதான் பிடிச்சிருந்தது.

இன்னொண்ணு சொல்லணும், சிரிப்பா இருக்கும். எங்க தொழில்ல, படத்துல ஆளோட முகம் தெரியாம முதுகு தெரிஞ்சா நமக்குக் கொண்டாட்டம். வாயசைவு பார்க்க வேண்டாம், என்ன வேணும்னாலும் பேசிக்கலாம். வாரனும் ஐரிஸும் மாடிப்படி ஏறிப் போறாங்க, ரெண்டு பேர் முதுகும் நமக்கு. இங்கிலீஷ்ல அவன் ஒண்ணும் பேசலை. எனக்கு மனசு கேக்கலை. இவ்வளவு நேரமா அந்தப் பொண்ணு பட்டினியா அலையுது, கட்டினவன் ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? மைக்ல மெதுவா "சாப்டீங்களா?"ன்னேன். பக்கத்து மைக்ல மகுடேஸ்வரி, தாள்ல இல்லாததை, "இன்னும் இல்லீங்க"ன்னாங்க.

தனகோபால் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தலையில அடிச்சுக்கிட்டார். "யோவ் இசக்கிராஜா, ஹாலிவுட்ல எவன்யா பொண்டாட்டியைச் சாப்டீங்களான்னு கேப்பான்?"

"அதனாலதான் சார் அந்தம்மாவுக்கு இவ்வளவு கஷ்டம்"னேன்.

அன்னைக்கு மத்தியானம் மகுடேஸ்வரி ரெண்டு டிபன் பாக்ஸ் கொண்டாந்திருந்தாங்க. ஒண்ணை என்கிட்ட நீட்டி "தெரியாம அதிகமா ஆக்கிப்போட்டனுங்க"ன்னாங்க. அதுல இருந்து தினமும் தெரியாம அதிகமா ஆக்கிக்கிட்டே இருந்தாங்க. அளவு தெரியாத ஆளு போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, அந்தச் சண்டைக் காட்சி வர்ற வரைக்கும். இந்த வாரன் இருக்கானே, ஐரிஸ் மாத்திரை போடுறது, ஆஸ்பத்திரியில கிடந்தது எல்லாத்தையும் ஒரு பத்திரிகைக்காரன்கிட்ட உளறிட்டான். மறுநாள் ஊர் பூரா நாறிப்போச்சு. ஐரிஸ் அவனை வீட்டை விட்டு வெளிய போகச் சொல்றாங்க. படத்துக்கே அதுதான் உயிர். தனகோபால் சார் எழுதியிருந்த வசனம், "வெளிய போடா."

மகுடேஸ்வரிக்கு 'டா' வரலை.

வரலைன்னா, நாக்கு புரளாம இல்லை. பொறந்ததுல இருந்து ஒருத்தரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "வெளிய போ..." வரைக்கும் எரிமலை மாதிரி வருவாங்க, அதுக்கப்புறம் கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி ஆயிரும். வெளிய போங்க. திரும்பவும். வெளிய போங்க. தனகோபால் சார் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "அம்மா, அவன் உன் மானத்தை வாங்கியிருக்கான். அவனுக்கு எதுக்கும்மா மரியாதை?" "சரிங்க சார், இப்பத் திட்டிப்போடறனுங்க"ன்னுட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "வெளிய போங்க."

சார் முடிவாச் சொல்லிட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள 'டா' வரலைன்னா, டிவி சீரியல்ல மாமியாரா வந்து திட்டுற ஒரு அம்மா இருக்காங்க, அவங்களை வச்சு முழுப் படத்தையும் மறுபடி பேசிருவாராம். முழுப் படமும் அண்ணாச்சி. அந்த "மணி என்னங்க"வும் போயிரும்.

மகுடேஸ்வரி கைக்குட்டையை மடிச்சாங்க, பிரிச்சாங்க, திரும்ப மடிச்சாங்க. எனக்குத் தாங்கலை. "என்மேல பழகுங்க. என்னைத் திட்டுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டேன்"னேன்.

ஸ்டூடியோவுக்கு எதிர்த்தாப்புல ஒரு டீக்கடை. அங்க பெஞ்சுல உக்காந்து பழகினோம். நான் சும்மா டீ குடிப்பேன், அவங்க என்னைத் திட்டணும். முதல் நாள், "ஏனுங்க, நீங்க பண்ணுனது கொஞ்சம் கூட நல்லா இல்லீங்க"ன்னாங்க. இன்னும் கோபமான்னேன். "நாசமாப் போவீங்க"ன்னாங்க. சொல்லிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க நல்லா இருக்கோணும்"னு சேர்த்துக்கிட்டாங்க. டீக்கடைக்காரர் என்கிட்ட, "இன்னா தம்பி, பொண்ணு திட்டுதா, பத்திரிகை வைக்குதா?"ன்னு கேட்டார்.

ரெண்டாம் நாள் நான் ஒரு வழி சொன்னேன். 'போடா'ன்னு தனியா, மனப்பாடம் பண்ற மாதிரி வேகமாச் சொல்லிப் பாருங்க, யோசிக்காதீங்கன்னேன். எந்திரிச்சு நின்னாங்க. பல்லைக் கடிச்சாங்க. என் மூஞ்சியைப் பார்த்தாங்க. முக்காவாசி 'டா' வந்துருச்சு அண்ணாச்சி, ஆனா வால் நிக்கலை. நல்ல சத்தமா, "போடாங்க"ன்னாங்க.

உங்களுக்குச் சென்னைப் பேச்சுப் பழக்கம் உண்டா? இல்லையா? அங்க ஒருத்தர் 'போடாங்'ன்னு ஆரம்பிச்சா, அதுக்கப்புறம் என்ன வரும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மகுடேஸ்வரிக்குத் தெரியாது. அவங்க பாட்டுக்குக் கவுந்தப்பாடி மரியாதையோட முடிச்சிருக்காங்க. கடை அப்படியே நின்னுருச்சு. பஜ்ஜி போட்டுக்கிட்டு இருந்தவர் கரண்டியைத் தூக்கினபடி நிக்கிறார். ஆட்டோக்காரர் ஒருத்தர், "சிஸ்டர், நடு ரோட்ல, பொம்பளப்புள்ள, பாதியோட நிறுத்திக்கினியே, அதுக்கே ஒனக்குக் கோயில் கட்டணும்"னார். டீக்கடைக்காரர் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய், நீ என்னடா பண்ணின அந்தப் பொண்ணை, கால்ல விழுடாங்கறார்.

அர்த்தம் சொன்னப்ப மகுடேஸ்வரி முகத்தைப் பார்க்கணுமே. கைக்குட்டையால மூடிக்கிட்டாங்க. அழறாங்கன்னு நினைச்சேன். தோள் குலுங்குது. பார்த்தா, சிரிப்பு. நிறுத்த முடியலை. எனக்கும் நிறுத்த முடியலை. ஆட்டோக்காரருக்கு வந்த சவாரி காத்துக்கிட்டு நிக்குது, அவரும் சிரிக்கிறார். அன்னைக்கு சாயங்காலம் நான் சாலிகிராமத்துல இருந்து என் ரூம் வரைக்கும் நடந்தே போனேன். பஸ் எல்லாம் வந்தது, ஏறணும்னு தோணலை. ஏன்னு தெரியலை.

ஆனா 'டா' வரலையே. வெள்ளிக்கிழமை வந்துருச்சு.

எனக்கு அப்பத்தான் ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை. இன்னைக்கும் சொல்றேன், தொழில்ரீதியா நல்ல யோசனை. பெலிக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒரு கார்ட்டூன் படத்தோட குரல் எல்லாம் கிடக்கு. அதுல ஒரு பொண்ணு குரங்குக்குட்டிக்குப் பேசியிருக்கு, வாயைத் திறந்தா வாடா போடாதான். 'டா' அவ்வளவு கிடக்கு. நான் தனகோபால் சார்கிட்டப் போய், "சார், மகுடேஸ்வரி 'போ' வரைக்கும் சொல்லட்டும். 'டா'வை அந்தக் குரங்குக்குட்டிகிட்ட இருந்து எடுத்து ஒட்டிக்கிடலாம்"னேன். எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன். இதுல ஒளிக்க என்ன இருக்கு?

மகுடேஸ்வரி என்னைப் பார்த்தாங்க. "ஏனுங்க இசக்கி, எம் பேச்சுல இன்னொருத்தியோட 'டா'வுங்களா?"

"ஒருத்தருக்கும் தெரியாதுங்க, பெலிக்ஸ் நல்லா ஒட்டுவான்"னேன்.

"நல்ல ரோசனைங்க"ன்னாங்க. பாராட்டுறாங்கன்னு சந்தோஷமா இருந்தது.

உள்ள போய் ரெண்டு பேரும் மைக் முன்னாடி நின்னோம். திரையில படம் ஓடுது. ஐரிஸ் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மகுடேஸ்வரி திரையைப் பார்க்கலை, என்னையே பார்க்கிறாங்க. கத்தலை. குரலை உசத்தலை. பல்லோட பல் சேர்ந்தபடி, மெதுவா, ஒவ்வொரு எழுத்தா எடுத்து வைக்கிற மாதிரி,

"வெளிய போங்க."

நான் போயிட்டேன் அண்ணாச்சி. நிஜமா. காதுல ஹெட்போன் இருக்கு, ஒயர் இழுக்குது, கதவைத் திறந்து வராண்டாவுக்கு வந்துட்டேன். வந்து நின்னப்புறம்தான், நான் ஏன் வெளிய வந்தேன்னு யோசிக்கிறேன். உள்ள பார்த்தா, பெலிக்ஸும் நாற்காலியை விட்டு எந்திரிச்சுப் பாதி தூரம் வந்திருக்கான்.

தனகோபால் சார் கையில இருந்த வசனத் தாளை மடிச்சு வச்சார். அப்புறம், "எங்க வீட்டுலயும் இப்படித்தான்யா. சத்தம் போட்டா நான் பயப்பட மாட்டேன்"னார். பெலிக்ஸ் படத்தைத் திரும்ப ஓடவிட்டான். வாயசைவு அப்படியே உக்காருது. திரையில அந்தம்மா கத்தவே இல்லை, பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் பேசியிருக்காங்க. நாங்கதான் கோபம்னாலே கத்தணும்னு நினைச்சு 'டா'வைத் தேடி அலைஞ்சிருக்கோம். சரியா வந்துருச்சு, படம் மகுடேஸ்வரிக்கே நிலைச்சுருச்சு.

என்ன நடிப்பு அண்ணாச்சி. எதிர்ல ஒரு ஆள் வேணும்னு என்னையே வாரனா நினைச்சுக்கிட்டாங்க பாருங்க, அது பெரிய நடிகைகளுக்குத்தான் வரும். நான் இதை எல்லார்கிட்டயும் சொன்னேன். அவங்ககிட்டயும் போய், "அந்தப் பார்வை, அடேயப்பா, நிஜம் மாதிரியே இருந்ததுங்க"ன்னேன். அவங்க பதில் சொல்லலை. தொண்டையைக் காப்பாத்திக்கிறாங்கன்னு விட்டுட்டேன். பெலிக்ஸ்கிட்டப் பேசினாங்க, தனகோபால் சார்கிட்டப் பேசினாங்க, டீக்கடையில அரை மணி நேரம் பேசினாங்க. என்கிட்ட மட்டும் தொண்டையைக் காப்பாத்தினாங்க. டிபன் பாக்ஸும் ஒண்ணாயிருச்சு. அளவு பழகிட்டாங்க போல.

வேலை முடிஞ்சு ஊருக்குக் கிளம்பினப்ப எல்லார்கிட்டயும் "போய்ட்டு வர்றனுங்க"ன்னு சொன்னாங்க, அந்தத் தெருநாய்கிட்டக் கூட. என்கிட்டச் சொல்லலை. மறந்துட்டாங்க. எனக்கு என்னமோ போல இருந்தது. ரூமுக்கு வந்து வாரனோட வசனத்தை எல்லாம் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நல்லா இல்லை. எதிர்ல ஆள் இல்லைன்னா அது என்ன வசனம்?

அப்புறம் நாள் ஓடிப்போச்சு. போன வாரம்தான் போன். "இசக்கிங்களா? அப்பாகிட்டப் பேசி முடிக்க இவ்வளவு நாளாயிருச்சுங்க"ன்னாங்க. எதைப் பேசி முடிச்சாங்கன்னு நான் கேக்கலை. அடுத்த வீட்டு விஷயம். அதுக்கப்புறம்தான் இந்த 'வந்துட்டுப் போங்க'. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, மாமா யாராச்சும் வந்தாலும் சரிதானுங்கன்னாங்க. பாருங்க, உங்க ஊர் மரியாதை எங்க கொண்டு போய் விடுதுன்னு. வள்ளியூர்ல இருக்கிற மாமாவுக்கும் சேர்த்து மரியாதை. நான், அவங்க எதுக்குங்க அவ்வளவு தூரம், நான் மட்டும் வர்றேன்னேன். "அப்படீங்களா"ன்னாங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போயிருச்சுன்னு நினைச்சேன். பிறகு, "அந்தக் கோடு போட்ட சட்டை மட்டும் போடாதீங்க"ன்னாங்க.

இதுதான் விஷயம். நான் மனசுக்குள்ள ஒண்ணு நினைச்சுக்கிட்டு அங்க போய் நிக்க, அவங்க வெறும் மரியாதைக்கு ஒரு காப்பியைக் குடுத்து அனுப்பினா, எனக்கு அந்த வெறும் 'ங்க' கூட மிச்சம் இருக்காது அண்ணாச்சி. என்னன்னு தெரியாம நான் வாயைத் திறக்க முடியாது. ஆமா, நினைச்சிருக்கேன். பின்ன எதுக்குப் புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கிட்டு இந்த வெயில்ல வர்றேன்?

ஏன் அண்ணாச்சி இப்படிச் சிரிக்கிறீங்க? முன்சீட்டு அக்காவும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாங்க. நீங்களுமா கேட்டுக்கிட்டு வர்றீங்க? என் குரல் சின்னதுதானே. என்னக்கா? வெளிய என்ன? கவுந்தப்பாடியா? எப்ப? நால்ரோடு தாண்டி எவ்வளவு நேரமாச்சு? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கதை பாதியில நின்னுருமேன்னா? நல்லா இருக்கு.

இருங்க, போன். அவங்கதான். கொஞ்சம் சும்மா இருங்க எல்லாரும்.

சொல்லுங்க மகுடேஸ்வரி. ஆமாங்க, பஸ்லதான். இல்லைங்க, நின்னிருக்கும் போல, நான்தான் கவனிக்கலை. பேசிக்கிட்டே வந்துட்டேன். ஒரு அண்ணாச்சிகிட்டங்க. இல்லை, தெரிஞ்சவர் இல்லை. அப்பாவும் வந்திருக்காங்களா? பெரியப்பாவுமா? அத்தையுமா? வெயில்லயா நிக்கிறாங்க? இல்லைங்க, நான் இங்கயே இறங்கி... ஹலோ. ஹலோ.

வச்சிட்டாங்க.

கடைசியில என்ன சொன்னாங்களா? "பரவாயில்லீங்க. அப்படியே கோபிக்கே போயிருங்க."

மரியாதையா? என்ன அக்கா நீங்க, உங்க ஊர்ப் பேச்சு உங்களுக்கே தெரியலையா? கையைப் பாருங்க, முடியெல்லாம் எப்படி நிக்குதுன்னு. அந்தக் குரலை ஹெட்போன்ல கேட்டவன் நான். இது விருந்தாளிக்குச் சொல்ற 'ங்க' இல்லை. விருந்தாளி தாண்டிப் போயிட்டா, மெதுவா வாங்கன்னுதானே சொல்வாங்க? நாய்கிட்ட ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை.

அப்ப அன்னைக்கு? அண்ணாச்சி, அன்னைக்கு மைக் முன்னாடி? வாரனைச் சொல்லலையா? என்னையா? குரங்குக்குட்டியோட 'டா'வுக்காகவா? அப்ப அந்த டிபன் பாக்ஸ்...

சிரிச்சது போதும், அந்தப் பையை எடுத்துக் குடுங்க. கண்டக்டர் அண்ணே, ஒரு விசில் குடுங்க. ஸ்டாப் இல்லைன்னு தெரியும், இந்த மஞ்சக்காட்டு ஓரமா நிறுத்துங்க, நான் ஓடியே போயிருவேன். ஆமாண்ணே, அவசரம்தான். அங்க ஒருத்தங்க என்மேல கோபமா இருக்காங்க.